டாட்டிங் லேஸ்: கைக்குட்டைக் கரை, மூலை, நூல் தேர்வு – போட்டதைப் பகிருங்க

பல்லடம்_நூல்கண்டு:
டாட்டிங்னா ஷட்டில் (நூல் சுத்தின சின்ன ஓடம்) வச்சு முடிச்சு முடிச்சாப் போடற லேஸுங்க. 30 செ.மீ. சதுரக் கைக்குட்டைக்குப் போட்ட கரையோட கணக்கை முழுசாக் கீழே போட்டிருக்கேனுங்க. மெர்சரைஸ் பண்ணின (பளபளப்பு ஏத்தின) 20 நம்பர் குரோஷா நூல், ஒரு ஷட்டில், ஒரு உருண்டை. கழித்தல் குறி பிக்கோ (முடிச்சுக்கு நடுவுல விடற சின்ன நூல் கண்), கூட்டல் குறி இணைப்பு (முன்னால போட்ட வளையத்துப் பிக்கோவோட சேர்க்கறது), எண்ணெல்லாம் டபுள் ஸ்டிச் (டிஎஸ், ரெண்டு அரை முடிச்சு சேர்ந்த ஒரு முடிச்சு).

நேர்ப்பக்கத்துல வர்ற தனி வளையம்: 5+5-5-5, ஷட்டில் நூலை இழுத்து மூடுங்க, வேலையைத் திருப்புங்க.
சங்கிலி (உருண்டை நூலால ஷட்டில் நூல் மேல போடற முடிச்சு வரிசை): 6-6, திருப்புங்க.
மூலையில மூணு வளையம் ஒட்டுக்கா, நடுவுல சங்கிலியும் இல்லை, திருப்பறதும் இல்லை: 5+5-5-5, அடுத்தது 5+3-3-3-3-5, அதுக்கடுத்து 5+5-5-5. அப்புறம் திருப்பிச் சங்கிலி.

வளையம் வெளிப்பக்கம், சங்கிலி துணிப்பக்கம். சங்கிலி நடுவுல இருக்கற பிக்கோவை ரொம்பச் சின்னதா வையுங்க, துணியோட தைக்கறது அதுலதான். முதல் வளையத்துக்கு மட்டும் இணைப்புக் கிடையாது, 5-5-5-5. ஆரம்பத்தை மூலையில வைக்காம ஒரு பக்கத்தோட நடுவுல வையுங்க.

எத்தனை வளையம்னு முன்கூட்டியே சொல்ல முடியாது, கை இறுக்கம் ஆளுக்கு ஆள் மாறும். 10 தொகுப்பு (வளையம் ஒண்ணு, சங்கிலி ஒண்ணு) போட்டு அளங்க. இந்த மாதிரியில 11.5 செ.மீ. வந்தது. ஒண்ணுக்கு 1.15. 30ஐ 1.15ஆல வகுத்தா 26.09. ஆக ஒரு பக்கத்துக்குச் சங்கிலி 26, தனி வளையம் 25. நாலு பக்கமும் சேர்த்துத் தனி வளையம் 100, மூலை வளையம் 12, சங்கிலி 104. உங்க கணக்குல 26.5ன்னு பாதியில நின்னா லேஸை இழுத்துச் சரிபண்ணப் பாக்காதீங்க. ஓரம் மடிக்கறதுக்கு முன்னாலயே துணியை அரை சென்டிமீட்டர் கூட்டவோ குறைக்கவோ செய்யுங்க.

மத்தவங்களும் அவங்கவங்க கரை, மூலை, நூல் விவரத்தைப் போடுங்க.

ஈரோடு_புதுசு:
அக்கா, கணக்கு நெம்ப உபயோகமுங்க. எனக்கு வளையமே மூடமாட்டேங்குது. 20 டிஎஸ் போட்டு ஷட்டில் நூலை இழுத்தா பாதியில நின்னுக்குது, எச்சா இழுத்தா அறுந்துடுது. திருப்பூர்ல கோன் நூல் கிலோக் கணக்குல கிடைச்சுது, 30ஸ் சிங்கிள் (30 கவுண்டு, ஒத்தை இழை; கவுண்டுங்கறது நூல் சன்னத்தோட எண்). அதைத்தான் மூணு இழை சேர்த்துப் போடறேன்.

கோபி_ஷட்டில்:
ரெண்டு காரணம் இருக்கலாமுங்க. முதல்ல கையைப் பாருங்க, நூலுக்கு அப்புறம் வருவோம்.

டிஎஸ் போடறப்ப ஷட்டில் நூல் இடது கை நூல் மேல சுத்திக்கிட்டு வரும். அந்த நிலையிலயே இறுக்கினா முடிச்சு ஷட்டில் நூலால ஆனதா ஆயிரும், அப்ப அது நகரவே நகராது. சுத்தினதும் இடது கை நடுவிரலைத் தளர்த்திட்டு, வலது கையால ஷட்டில் நூலை விறைப்பா நேரா இழுத்துப் பிடிக்கணும். முடிச்சு அந்த நொடியில இடது கை நூலுக்குத் தாவிரும், ஷட்டில் நூல் நடுவுல நேரா நிக்கும். அதுக்கப்புறந்தான் இடது நடுவிரலைத் தூக்கி முடிச்சைக் கட்டை விரல்கிட்டக் கொண்டுவரணும். வலது கை விறைப்பு கடைசி வரைக்கும் தளரவே கூடாது.

ரெண்டு நிறத்துல பழகுங்க, ஷட்டில்ல சிவப்பு, உருண்டை வெள்ளை. சங்கிலியா 20 டிஎஸ் போடுங்க. முடிச்செல்லாம் வெள்ளையா இருந்தா சரி. நடுவுல எங்காச்சும் சிவப்புப் புள்ளி தெரிஞ்சா அந்த அரை முடிச்சு தாவலைன்னு அர்த்தம். இன்னொண்ணு, ஒவ்வொரு டிஎஸ் முடிஞ்சதும் ஷட்டில் நூலை ஒரு தடவை லேசா இழுத்துப் பாருங்க. நகர்ந்தா அடுத்தது போடுங்க. நகரலைன்னா அந்த ஒண்ணை மட்டும் ஊசி முனையால தளர்த்திப் பிரிச்சாப் போதும். 20 போட்டப்புறம் தெரிஞ்சா வளையம் முழுக்கப் போச்சு.

சோமனூர்_கோன்:
கை சரியா இருந்தாலும் அந்த நூல்ல வளையம் மூடாதுங்க. 30ஸ் சிங்கிள் பனியன் துணிக்கு ஓட்டற ஹோசியரி நூல். துணி மெத்துனு இருக்கணும்னு முறுக்கைக் குறைச்சே நூத்திருப்பாங்க. ஒத்தை இழை, மேல பஞ்சு மயிர் நீட்டிக்கிட்டு இருக்கும், மெர்சரைஸும் கிடையாது. டாட்டிங்ல நடு நூல் (முடிச்சுக்குள்ள ஓடற ஷட்டில் நூல்) 20 முடிச்சுக்குள்ள உரசிக்கிட்டே ஓடணும். மயிர் ஒண்ணோடொண்ணு பின்னிக்கிட்டு நின்னுரும். எச்சா இழுத்தா முறுக்குக் குறைஞ்ச இடத்துல பஞ்சு வழுக்கிப் பிரியும். நீங்க சொன்ன அறுப்பு அதுதான்.

மூணு இழையை வெறுமனே சேர்த்தது அடுத்த தொந்தரவு. ஒரு முடிச்சுல மூணும் ஒரே நீளத்துல நிக்காது. ஒரு இழை நடுவுல வளைஞ்சு நிக்கும், பிக்கோ மூணு கண்ணாப் பிரிஞ்சு தெரியும், இணைக்கறப்ப குரோஷா ஊசி ஒரு இழையை மட்டும் பிடிச்சுக்கும். சேர்த்தா எதிர்த்திசையில முறுக்கேத்தணும். நல்ல குரோஷா நூல் ஆறிழை நூலா இருக்கும்: ரெண்டு ரெண்டா முறுக்கி, அந்த மூணு ஜோடியை மறுபடி எதிர்த்திசையில முறுக்கினது. உருண்டையா, கெட்டியா, மயிரில்லாம நிக்கறது அதனாலதான்.

தடிமனை ஒப்பிட டெக்ஸ் கணக்குக்கு மாத்துங்க. 1,000 மீட்டர் நூல் எத்தனை கிராமோ அதுதான் டெக்ஸ். 20 நம்பர் குரோஷா உருண்டை லேபிள்ல 50 கிராம், 410 மீட்டர்னு இருந்தா 122 டெக்ஸ். பருத்தி கவுண்டுக்கு 590.5ஐக் கவுண்டால வகுங்க. 30ஸ் சிங்கிள் 19.7 டெக்ஸ், மூணு சேர்த்தா 59. அதாவது நீங்க போடறது அக்கா போட்ட நூல்ல ஏறக்குறையப் பாதி எடைதான்.

சென்னிமலை_தறி:
கைத்தறிக்கு வாங்கற 2/20 நூலும் (20 கவுண்டு ரெண்டு இழை) அதே கணக்குல 59 டெக்ஸ்தானுங்க. ஆனா அது ரெட்டை முறுக்கு, ஹோசியரியை விடக் கெட்டி. அதுல வளையம் மூடும். 10, 12 டிஎஸ் இருக்கற சின்ன வளையத்துக்குத் தாராளமா ஆகும். 24க்கு மேல போனா தயங்கும். சாயம் போடாத பழுப்பு நூலா இருந்தா பஞ்சோட மெழுகு மேலயே இருக்கும், தண்ணி உறிஞ்சாது, முதல் துவைப்புல சுருங்கும். கண்டாவே இருக்கறப்பச் சோப்புத் தண்ணியில அரை மணி நேரம் கொதிக்க வச்சு அலசி, நிழல்ல காயவச்சு எடுங்க. பாவுக்குக் கஞ்சி போட்ட நூலை மட்டும் வாங்காதீங்க. கஞ்சி உதிர்ந்து ஷட்டில் வாயில அடைச்சுக்கும்.

ஈரோடு_புதுசு:
சரிங்க அண்ணா. தையல் நூல் ஆகுமுங்களா? பாலியெஸ்டர் ட்யூப் வீட்டுல நிறைய இருக்குது.

சோமனூர்_கோன்:
மூடும், ஆனா நிக்காது. பாலியெஸ்டர் வழுக்கும், சுருள் மாதிரி திரும்பவும் தளரும். வளையத்தை மூடிட்டுக் கையை எடுத்தா அடியில இடைவெளி விழும். வெட்டி விட்ட நுனியும் ரெண்டு மூணு துவைப்புல வெளியில வந்துரும். பழகறதுக்கும் வேண்டாம், தப்பான இறுக்கம் கைக்குப் பழகிரும். ஜரிகை நூலும் அப்படித்தான், மேல சுத்தின தகடு முடிச்சு நகர நகர உரிஞ்சுக்கிட்டு வரும். மின்னணும்னா சங்கிலியில மட்டும் உருண்டை நூலா வையுங்க, நடு நூலா வைக்கக் கூடாது.

மெர்சரைஸ்னு கேட்டு வாங்குங்க. இழுத்துப் பிடிச்ச நிலையில காஸ்டிக் சோடாவுல முக்கி எடுத்த நூல் அது. இழை உப்பி உருண்டையாகும், பளபளப்பும் பலமும் சாயம் பிடிக்கற தன்மையும் கூடும். ஜான் மெர்சர்ங்கறவர் 1844ல கண்டுபிடிச்சார், அப்ப இழுத்துப் பிடிக்காம செஞ்சதால நூல் சுருங்கிருச்சு. பளபளப்பு வந்தது 1890ல ஹொரேஸ் லோ இழுத்துப் பிடிச்சுச் செஞ்சப்புறம். டாட்டிங்குக்கு அந்த வழவழப்புத்தான் உயிர்.

பொள்ளாச்சி_பிக்கோ:
காத்தையும் சேர்த்துக்கங்க. ஆனி, ஆடியில பாலக்காட்டுக் கணவாய்க் காத்து அடிக்கறப்ப ஜன்னலோரம் உக்காந்து போட்டா நூல் காஞ்சு மயிர் எழும்பும். பருத்திக்கு ஈரம் இருந்தாத்தான் பலம். ஸ்பின்னிங் மில்லுல ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட் (காத்துல ஈரம் கூட்டற மெஷின்) ஓட்டறதும் இதுக்குத்தானுங்க. உருண்டையை ஒரு டப்பாவுக்குள்ள வச்சு, மூடியில ஓட்டை போட்டு நூலை வெளிய விடுங்க. ஈரத்துணியெல்லாம் உள்ள வைக்க வேண்டாம், பூஞ்சை பிடிச்சுரும்.

அப்புறமுங்க, பிக்கோ. அக்கா மாதிரியில வளையத்துக்கு இணைப்புப் பிக்கோவும் அலங்காரப் பிக்கோவும் ஒரே உயரமா இருக்கறதாத் தெரியுது. பக்கத்து வளையத்தோட இணையற பிக்கோவைக் குட்டையா வச்சா வளையங்க நெருங்கி வரும், 11.5 செ.மீ. 11க்கு இறங்கிரும். அதனால ஒண்ணு, மாதிரி போட்டு அளந்த பின்னால பிக்கோ உயரத்தை மாத்தக் கூடாது. கெட்டி அட்டையில 6 மி.மீ. அகலப் பட்டை வெட்டிக்கங்க. ஒரு டிஎஸ் முடிஞ்சதும் பட்டையை நூலுக்கு இடையில நிக்க வச்சு, நூலை அதைச் சுத்திக் கொண்டுபோய் அடுத்த டிஎஸ் போட்டா பிக்கோ சரியா 6 மி.மீ. உயரம். பட்டை இல்லாமக் கண்ணால விட்டா இடைவெளியில பாதிதான் உயரம்னு ஞாபகம் வையுங்க. 12 மி.மீ. நூலை விட்டாத்தான் 6 மி.மீ. பிக்கோ நிக்கும்.

நாமக்கல்_ஊசி:
ஊசி டாட்டிங் பத்தி யாருமே பேசலையேங்க. புதுசா வர்றவங்களுக்கு முடிச்சுத் தாவற பிரச்சினையே அதுல இல்லை. நீளமான, கண்ணும் உடம்பும் ஒரே தடிமனா இருக்கற டாட்டிங் ஊசி. டிஎஸ்ஸை ஊசி மேலயே வரிசையா ஏத்தி, கடைசியில ஊசியோட நூலை அத்தனை முடிச்சுக்குள்ளயும் இழுத்து விட்டாப் போதும். வளையம்னா இழுத்த நூல் அடியில கண்ணா நிக்கும், அதுக்குள்ள ஊசியை விட்டு இறுக்கி ஒரு முடிச்சு. ஒரு நாள் உக்காந்தா வளையம், சங்கிலி, இணைப்பு மூணும் வந்துரும்.

கோபி_ஷட்டில்:
வர்றது சீக்கிரம் வரும், ஒத்துக்கறேன். ஆனா கைக்குட்டைக் கரைக்கு ஆகாதுங்கறதுதான் என் கட்சி. ஊசியோட தடிமனுக்குத்தான் முடிச்சு நிக்குது, ஊசியை உருவினதும் உள்ள காலியிடம் மிஞ்சும். வளையம் மெத்துனு, வடிவம் தளர்ந்து கிடக்கும். துவைச்சா இன்னும் தளரும். ஷட்டில்ல போட்டது நிமிர்ந்து நிக்கும். கம்மல், கழுத்துப் பட்டை, தடி நூல்ல பூ, இதுக்கெல்லாம் ஊசி நல்லது.

நாமக்கல்_ஊசி:
நூலை விட எச்சாத் தடிமனான ஊசியை எடுத்தா நீங்க சொல்றது நடக்கும். ஊசியும் நூலும் ஒரே தடிமன்ல இருந்தா நடு நூல் அந்த இடத்தை நிரப்பிக்கும். 20 நம்பர் நூலைக் கட்டைவிரல் நகத்து மேல ஊசியோட ஒட்டி வச்சுப் பாருங்க, ரெண்டும் ஒரே கோடாத் தெரியணும். முடிச்சை ஊசி மேல சுருக்கா இறுக்கிட்டு ஊசி உருவ வரலைன்னு இழுத்தா ஊசி வளையும், அதுதான் இதுல வர்ற பெரிய தொல்லை. ஊசி மேல முடிச்சு விரலால தள்ளினா நகரணும், அந்த இறுக்கம் போதும்.

காங்கேயம்_கரை:
ரெண்டும் இருந்துட்டுப் போகட்டுமுங்க. எனக்கு மூலையில சந்தேகம். மூணு வளையம் போட்டும் மூலை கிண்ணம் மாதிரி எழும்புது. பக்கம் நேரா இருக்குது.

பல்லடம்_நூல்கண்டு:
எழும்பினா வெளிச்சுத்துக்கு நூல் போதலைன்னு அர்த்தமுங்க. நடு வளையத்துல 22 டிஎஸ் இருக்குதான்னு எண்ணுங்க. அதையும் மத்த ரெண்டு மாதிரி 20ஆப் போட்டிருந்தா எழும்பும். 22 சரியா இருந்தா 5+4-4-4-4-5ன்னு 26க்கு ஏத்துங்க. அதுக்கு எதிர்ப்பக்கம், மூலை அலை அலையா நெளிஞ்சா அங்க நூல் எச்சா, நடு வளையத்தைக் குறைங்க. பக்கமே நெளிஞ்சா தொகுப்பு கூடிப்போச்சு. பக்கத்துல துணி சுருக்கம் விழுந்தா தொகுப்பு குறைஞ்சுபோச்சு.

இன்னொரு காரணம், மூலை வளையம் மூணுக்கும் அடிப்பக்கம் ஒட்டி நிக்கணும். ஒரு வளையத்தை மூடிட்டு அடுத்ததை ஆரம்பிக்கறப்ப ஒண்ணு, ரெண்டு மி.மீ. வெறும் நூல் தெரிஞ்சா மூணும் விசிறியா விரியாம நேரா நிக்கும். முதல் அரை முடிச்சை மூடின வளையத்தோட அடியைக் கட்டை விரலால அமுக்கிக்கிட்டே போடுங்க. சங்கிலி ஆரம்பத்துலயும் இதே பழக்கந்தான், இல்லைன்னா வளையத்துக்கும் சங்கிலிக்கும் நடுவுல ஓட்டை தெரியும்.

காங்கேயம்_கரை:
நடு வளையம் 20தானுங்க இருந்துது. மூடின வளையத்தைத் திறக்க முடியுமா, இல்லை வெட்டணுமா?

பொள்ளாச்சி_பிக்கோ:
வெட்டாதீங்க. கடைசியாப் போட்ட பிக்கோ இருக்குதில்லையா, அதுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருக்கற முடிச்சை ரெண்டு கையிலயும் நகத்தால பிடிச்சு எதிரெதிரா மெல்ல இழுங்க. பிக்கோ சுருங்கி அடியில நடு நூல் தெரியும். அந்த நடு நூலுக்குக் கீழ மொட்டை ஊசியை விட்டுச் சித்த சித்தமா இழுத்தா மூடின இடத்துல இருந்து நூல் உள்ள திரும்பி வரும். வளையம் ஒரு விரல் போற அளவுக்குத் திறந்ததும் முடிச்சை ஒவ்வொண்ணாப் பிரிக்கலாம். பிக்கோ இல்லாத வளையம் திறக்கறது நெம்பக் கஷ்டம், அதுக்காகவே மூடறதுக்கு முன்னால ஒரு தடவை எண்ணிக்கிறது நல்லது. மெர்சரைஸ் நூலா இருந்தா இந்த வேலை ரெண்டு தடவை தாங்கும். அதுக்கு மேல நூல் பஞ்சாகிரும்.

கோபி_ஷட்டில்:
சுத்தி முடிக்கறப்ப வர்ற கடைசி இணைப்பையும் சொல்லிடறேன், பாதிப் பேர் அங்கதான் நிக்கறாங்க. கடைசி வளையம் 5+5-5+5, ரெண்டாவது கூட்டல் முதல் வளையத்தோட முதல் பிக்கோ. அது உங்க வேலைக்கு வலது பக்கம் கிடக்கும். அப்படியே இழுத்து இணைச்சா பிக்கோ முறுக்கிக்கிட்டு ஒரு பக்கமா மடிஞ்சு நிக்கும். கைக்குட்டைக் கரையை மடிச்சு, முதல் வளையத்தோட பின்பக்கம் உங்களைப் பாக்கற மாதிரி போடற வளையத்து மேல படிய வையுங்க. குரோஷா ஊசியைப் பிக்கோவுக்குள்ள விட்டு, ஊசியையும் பிக்கோவையும் சேர்த்து அரைத் திருப்புத் திருப்பி, இடது கை நூலைப் பிடிச்சு மேல இழுங்க. ஷட்டிலை அந்தக் கண்ணுல விட்டு இறுக்கிட்டு மிச்ச 5 டிஎஸ். வளையத்தை மூடி மடிப்பைப் பிரிச்சுப் பாருங்க, பிக்கோ நேரா நிக்கும்.

ஈரோடு_புதுசு:
ஷட்டில்ல எவ்வளவு நூல் சுத்தணுமுங்க? பாதி வளையத்துல தீர்ந்துட்டா?

பல்லடம்_நூல்கண்டு:
வளையத்துக்கு முடிச்சு நூலும் நடு நூலும் ரெண்டுமே ஷட்டில்ல இருந்து போகும். சங்கிலிக்கு நடு நூல் மட்டும் ஷட்டில், முடிச்சு உருண்டை. அந்தக் கரையில வளையத்து டிஎஸ் 2,248, சங்கிலி டிஎஸ் 1,248. 20 டிஎஸ் போட்டுப் பிரிச்சு அளந்து, ஒரு முடிச்சுக்கு 6 மி.மீ. வந்தா வளையத்துக்கு மட்டும் 13.5 மீட்டர். நடு நூல், பிக்கோ எல்லாம் சேர்த்து 20 மீட்டர்னு வையுங்க. ஷட்டில் ஓரத்துக்கு வெளிய நூல் பிதுங்கினா அழுக்காகும், முனையும் தளரும். நிறையாமச் சுத்தி, தீர்ந்தா மறுபடி சுத்திக்கங்க. கையில ஒரு முழத்துக்கும் குறைவா இருந்தா அடுத்த வளையம் ஆரம்பிக்காதீங்க. புது நூல் சேர்க்கறது வளையத்து அடியில மட்டும், வளையத்துக்குள்ள ஒட்டு விழுந்தா மூடறப்ப அங்கயே நின்னுக்கும்.

முதல் தடவை ஆரம்பிக்கறப்ப உருண்டைக்கும் ஷட்டிலுக்கும் நடுவுல நூலை வெட்டாம அப்படியே தொடங்குங்க, மறைக்க வேண்டிய நுனி ரெண்டு குறையும். முறுக்கு ஏறி நூல் சுருண்டா ஷட்டிலைத் தொங்க விட்டுச் சுத்த விடுங்க.

சென்னிமலை_தறி:
நுனியை எப்படி மறைக்கறீங்க? வெள்ளைப் பசை தடவறவங்களைப் பாத்திருக்கேன்.

பொள்ளாச்சி_பிக்கோ:
பசை வேண்டாமுங்க. சாதா வெள்ளைப் பசை தண்ணி பட்டா இளகும், நாளானா மஞ்சளாத் தெரியும். வேற நிற நூல்ல ஒரு துண்டை ரெண்டா மடிச்சு, கடைசிச் சங்கிலியோட கடைசி 5, 6 டிஎஸ் போடறப்ப நடு நூலோட சேர்த்து வச்சே போடுங்க. மடிப்புக் கண் முடியற பக்கம் நீட்டிக்கிட்டு இருக்கணும். முடிச்சதும் நுனியை அந்தக் கண்ணுல விட்டு, துண்டோட மறுமுனையை இழுத்தா நுனி முடிச்சுக்குள்ள போயிரும். இழுத்துட்டு ஒட்ட வெட்டுங்க. இன்னொரு நுனியைச் சன்ன ஊசியில கோத்துப் பின்பக்கம் ஆறேழு முடிச்சுத் தொலவு தைச்சு விடுங்க.

காங்கேயம்_கரை:
துவைக்கறதுக்கு? எங்க பக்கம் போர்த் தண்ணி உப்பு. வெள்ளை லேஸ் மங்கிப்போகுது.

பல்லடம்_நூல்கண்டு:
உப்புத் தண்ணியில கட்டிச் சோப்புப் போட்டா சோப்பு தண்ணியிலிருக்கற சுண்ணாம்போட சேர்ந்து பிசுபிசுன்னு படியும். அந்தப் படிவு முடிச்சுக்குள்ள போனா அலசினாலும் வராது, அதுதான் மங்கறது. கட்டிச் சோப்பை விட்டுட்டுத் திரவ டிடர்ஜென்ட் ரெண்டு சொட்டு போடுங்க, கடைசி அலசல் மட்டும் மழைத்தண்ணி, ஆத்துத் தண்ணி, இல்லை ஆர்.ஓ. தண்ணி. சிறுவாணித் தண்ணி வர்ற கோயமுத்தூர்க்காரங்களுக்கு இந்தக் கவலை இல்லை. குளோரின் பிளீச் ஊத்தாதீங்க, பருத்தியை அரிச்சு பிக்கோ முதல்ல அறும்.

துணியைக் கட்டாயம் முதல்ல ரெண்டு தடவை துவைச்சுச் சுருங்க விட்ட பிறகே ஓரம் மடிங்க. மெர்சரைஸ் நூல் கொஞ்சந்தான் சுருங்கும், புதுத்துணி எச்சாச் சுருங்கும். தைச்ச பிறகு அது சுருங்கினா அருமையான லேஸ்கூட நெளிஞ்சுரும். சிவப்பு, மெரூன் நூலா இருந்தா ஒரு முழம் நனைச்சு வெள்ளைத் துணிக்கு நடுவுல வச்சு இஸ்திரி போட்டுப் பாருங்க, சாயம் ஒட்டினா வெள்ளைக் கைக்குட்டைக்கு வைக்காதீங்க.

வடிவம் நிக்க ஜவ்வரிசிக் கஞ்சி: ஒரு தேக்கரண்டி ஜவ்வரிசியை 250 மி.லி. தண்ணியில கண்ணாடியா ஆகற வரைக்கும் காய்ச்சி, மெல்லிய துணியில வடிகட்டி ஆற விடுங்க. லேஸை முக்கிப் பிழியாம ஒத்தி எடுத்து, தெர்மோகோல் மேல வெள்ளைத் துணி விரிச்சு, துரு ஏறாத குண்டூசியால மூலை நாலையும் முதல்ல குத்துங்க, அப்புறம் ஒவ்வொரு வளையத்து உச்சிப் பிக்கோ. சாதா இரும்புக் குண்டூசி ஒரே ராத்திரியில துருக்கறை வைக்கும். கஞ்சி போட்டதை மாசக்கணக்கா பீரோவுல வைக்கக் கூடாது, பூச்சி அரிக்கும். எடுத்து வைக்கறதா இருந்தா கஞ்சி போகத் துவைச்சு வையுங்க.

ஈரோடு_புதுசு:
திருப்பூர் காதர்பேட்டையில இதே மாதிரி லேஸ் மீட்டர் கணக்குல மலிவா விக்குதேங்க. கையில போட்டதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது? ஜாக்கெட் கைக்கு வச்சா எத்தனை தொகுப்பு வரும்?

சோமனூர்_கோன்:
லென்ஸ் வச்சுப் பாருங்க. டாட்டிங்ல ஒவ்வொரு டிஎஸ்ஸும் தனியா எண்ண முடியும், முன்பக்கம் வரிசையா மணி மாதிரி, வளையத்துக்குள்ள நடு நூல் ஓடும். மெஷின் லேஸ் கரையற துணி மேல எம்ப்ராய்டரி போட்டு, பின்னால துணியைக் கரைச்சு எடுத்தது. அதுல நூல் குறுக்கும் நெடுக்குமாப் பஞ்சு மாதிரி கிடக்கும், எண்ணவே முடியாது. ஆந்திராவுல இருந்து நரசாபுரம் லேஸ்னு வர்றது கையில போட்டதுதான், ஆனா அது குரோஷா, சங்கிலிக் கண் தெரியும்.

விலை வைக்கறவங்க அந்த மெஷின் மீட்டர் விலையோட ஒப்பிடாதீங்க. 10 தொகுப்புக்கு எத்தனை நிமிஷம்னு பாத்து மொத்தத்துக்குப் பெருக்கி, உங்க மணிக்கூலியில வையுங்க. தைக்கறதும் கஞ்சி போடறதும் தனி நேரம், அதையும் சேர்க்கணும்.

பல்லடம்_நூல்கண்டு:
கைச்சுத்து 28 செ.மீ.னா 28ஐ 1.15ஆல வகுத்தா 24.3. 24 தொகுப்பு, 27.6 செ.மீ. மிச்சம் 4 மி.மீ. துணியைத் தைக்கறப்பவே சுத்திலும் பரவலா அமுக்கி விடலாம். மூலை கிடையாது, கடைசி இணைப்பை கோபி சொன்ன மாதிரி மடிச்சுப் போட்டு வட்டமா மூடுங்க. ஜாக்கெட் கைத் தையலைப் பிரிக்காம, உள்பக்கமா ஒத்தை நூல்ல சங்கிலிப் பிக்கோ ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு தையல் போட்டு, அடுத்த பிக்கோவுக்குத் துணி மடிப்புக்குள்ளயே நூலைக் கொண்டுபோங்க. ஜிக்ஜாக் மெஷின் போட வேண்டாம், ஊசி நடு நூல்லயே குத்திரும்.